மரியெல் ஃபிராங்கோ: காவல்துறை வன்முறைக்கு எதிரான குரலும் அதன் தொடர்ச்சியும்

முன்னுரை

2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள் இரவு, பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் நகர மன்ற உறுப்பினர் மரியெல் ஃபிராங்கோ தாம் பயணம் செய்த காரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். காரை ஓட்டிச் சென்ற ஆண்டர்சன் கோமேசும் அவருடன் உயிரிழந்தார். அப்பொழுது மரியெலுக்கு வயது 38. மன்றத்தில் அவர் பணியாற்றியது ஓராண்டுக்குச் சற்றே மேற்பட்ட காலம் மட்டுமே. ஆயினும், பிரேசிலின் அண்மைக்கால வரலாற்றில் அவர் பெயரளவு பரவிய நகர மன்ற உறுப்பினர் பெயர் பிறிதொன்று இல்லை எனலாம்.

புகழ் பரவிய அளவிற்கு அவர்தம் சிந்தனை பரவியுள்ளதா என்பது வேறு வினா. சுவரோவியங்களிலும் பதாகைகளிலும் அவர் முகத்தைக் காண்போர் பலர். அவர் எழுதிய ஆய்வேட்டைப் படித்தோர் சிலர். மரியெல் காவல்துறையின் பகைவர் என்று ஒரு சாராரும், தியாகச் சின்னம் என்று மறு சாராரும் கூறுவர். இவ்விரண்டும் அவர் பணியின் உள்ளீட்டைத் தொடவில்லை. அரசின் பெயரால் நிகழும் மரணங்களுக்குக் கணக்குக் கேட்பார் இல்லாத நிலையையே அவர் எதிர்த்தார். அவர் விட்டுச் சென்றதன் மதிப்பையும் அந்த அளவுகோலைக் கொண்டே கணிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

மரே குடியிருப்பும் இளமைக் கல்வியும்

மரியெல் 1979ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் பிறந்தவர். ரியோ நகரின் வடபகுதியிலுள்ள மரே என்னும் குடியிருப்புத் தொகுதியில் வளர்ந்தவர். ஒன்றையொன்று ஒட்டிய பல ஃபவேலாக்கள் சேர்ந்தது அத்தொகுதி. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கு வாழ்கின்றனர்.

ஃபவேலா என்னும் சொல்லை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு செடியின் பெயர் அது. 1897இல் கனூடோஸ் போரிலிருந்து திரும்பிய போர்வீரர்கள் ரியோவின் ஒரு குன்றில் குடியேறி, தாம் போரிட்ட இடத்தின் நினைவாக அக்குன்றுக்கு அப்பெயரை இட்டனர் என்பர். பின்னர், நகரத்தின் ஓரங்களிலும் குன்றுச் சரிவுகளிலும் ஏழை மக்கள் தாமே கட்டிக்கொண்ட குடியிருப்புகள் அனைத்துக்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. இதனைத் தமிழில் 'சேரி' எனப் பெயர்த்தால் நம் சாதி வரலாற்றின் பொருள் அதில் வந்து ஏறிவிடும். 'குடிசைப் பகுதி' என்றால் செங்கல்லும் சிமெண்டும் கொண்ட பல அடுக்கு வீடுகள் மறைந்துவிடும். ஆகவே, இக்கட்டுரை மூலச் சொல்லையே ஆள்கின்றது.

மரியெல் சிறுவயதிலேயே பெற்றோருடன் தெரு விற்பனையில் ஈடுபட்டார். பின்னர்ச் சிறார் பள்ளியில் பணிபுரிந்தார். 1998இல், பல்கலைக்கழக நுழைவுத்தேர்வுக்கு ஆயத்தம் செய்வதற்காக மரே மக்களே நடத்திய வகுப்பில் சேர்ந்தார். தாய்மையின் பொருட்டுப் படிப்பு இடையில் நின்றது. ஆனால் அவர் மீண்டும் அதனைத் தொடர்ந்தார். அக்காலத்தில்தான் அவர்தம் தோழி ஒருவர், காவலருக்கும் போதைப்பொருள் கும்பலுக்கும் இடையே நிகழ்ந்த துப்பாக்கிச் சண்டையில், வழிதவறிய தோட்டாவிற்குப் பலியானார். தம்மை மனித உரிமைப் பணிக்கு இட்டுச் சென்றது இந்நிகழ்வே என அவர் பின்னர்க் குறிப்பிட்டு வந்தார்.

உதவித்தொகை பெற்று ரியோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் பயின்ற அவர், பின்னர் ஃபுளுமினென்சே கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத் துறையில் முதுகலைப் பட்டம் பெற்றார். அதற்காக 2014இல் அவர் அளித்த ஆய்வேடு நம் கவனத்திற்கு உரியது.

மரணத்திற்கு இட்ட பெயர்கள்

அவ்வாய்வேட்டை அணுகுமுன் அங்குள்ள காவல் அமைப்பைச் சுருக்கமாக அறிதல் நன்று. பிரேசிலின் ஒவ்வொரு மாநிலத்திலும் இரு காவல்துறைகள் உள்ளன. சீருடை அணிந்து தெருக்களில் ரோந்து செல்வது படைக் காவல்துறை. குற்றங்களைப் புலனாய்வு செய்வது குடிமைக் காவல்துறை. முன்னதன் பெயருக்கேற்ப அதன் படிநிலை, பயிற்சி, கட்டுப்பாடு ஆகியன இராணுவத்தை ஒத்தவை.

இக்காவல்துறையின் கையால் நிகழும் மரணங்கள் நெடுங்காலம் 'எதிர்ப்புப் பதிவு' எனும் தலைப்பின்கீழ் எழுதப்பட்டன. 1960களின் இறுதியில், இராணுவ ஆட்சிக் காலத்தில் தோன்றிய வழக்கம் இது. இறந்தவர் காவலரை எதிர்த்தார், அதனால் காவலர் சுட்டார் என்னும் முடிவு அப்பதிவின் தலைப்பிலேயே அடங்கிவிடுகின்றது. விசாரணை தொடங்குமுன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகின்றது எனலாம். 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான ஓர் ஆணை இச்சொல்லை நீக்கி, 'காவல் நடவடிக்கையை எதிர்த்ததால் நேர்ந்த மரணம்' எனும் தொடரை வைத்தது. சொல் மாறியது; 'எதிர்த்தல்' என்னும் கருத்து அதனுள் தங்கியே இருந்தது.

இத்துடன் மற்றொரு கூறும் உண்டு. காவல்துறை, தீயணைப்புத் துறை ஆகியவற்றில் பணியில் இருப்போரும் பணியிலிருந்து நீங்கியோரும் சேர்ந்து அமைத்த 'மிலீசியா' எனும் ஆயுதக் குழுக்கள், நகரின் மேற்குப் பகுதியில் வலுப்பெற்றன. போதைப்பொருள் கும்பல்களிடமிருந்து மக்களைக் காப்பதாகக் கூறிக்கொண்ட இக்குழுக்கள், பாதுகாப்புக் கட்டணம் வாங்கின. சமையல் எரிவாயு, சிற்றுந்துப் போக்குவரத்து, தொலைக்காட்சி இணைப்பு ஆகியவற்றின் விற்பனையைக் கைப்பற்றின. நிலத்தைக் கூறுபோட்டு விற்றன. 2008இல் மாநிலச் சட்டமன்றம் இவற்றைப் பற்றி விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. உறுப்பினர் மார்செலோ ஃபிரெய்ஷோ தலைமையேற்ற அக்குழு, இருநூறுக்கும் மேற்பட்டோர்மீது நடவடிக்கை கோரியது. அவர்களுள் அரசியல்வாதிகளும் இருந்தனர். அவ்வாண்டுகளில் ஃபிரெய்ஷோவின் அலுவலகத்தில் பணியாற்றியவர் மரியெல்.

மூன்றெழுத்தாகச் சுருங்கிய ஃபவேலா

2008 டிசம்பரில் ரியோ மாநில அரசு 'அமைதிப்படுத்தும் காவல் பிரிவு' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. போர்த்துகீசிய மொழியில் அதன் முதலெழுத்துகள் ஊ, பே, பே என மூன்று. ஃபவேலாக்களில் காவலரை நிலையாகத் தங்கவைத்து, ஆயுதக் கும்பல்களை வெளியேற்றி, பின்னர்ச் சமூகப் பணிகளைக் கொண்டுவருவது திட்டம் என அறிவிக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டின் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியும் 2016ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விளையாட்டும் நெருங்கிய காலம் அது. 2014க்குள் இத்தகைய பிரிவுகள் 38 அமைந்தன. தொடக்கத்தில் கொலைகள் குறைந்தமையால் திட்டம் பரவலான பாராட்டைப் பெற்றது.

மரியெலின் ஆய்வேடு இத்திட்டத்தையே பொருளாகக் கொண்டது. 'ஊ.பே.பே.: மூன்றெழுத்தாகச் சுருக்கப்பட்ட ஃபவேலா' என்பது அதன் தலைப்பின் பொருளாகும். தலைப்பிலேயே வாதம் உள்ளது. பள்ளி, மருத்துவ நிலையம், கழிவுநீர் வசதி, நூலகம் என ஒரு வாழிடத்திற்குத் தேவையானவை பல. அரசு அவை அனைத்தையும் பின்னுக்குத் தள்ளிக் காவல் நிலையத்தை மட்டும் முன்னிறுத்தும்போது, அவ்வாழிடம் மக்கள் வாழும் இடமாக அன்றி, அடக்கப்பட வேண்டிய இடமாகவே அரசின் கண்ணுக்குத் தெரிகின்றது. சமூகவியலாளர் லோயிக் வாக்கான்டின் 'தண்டனை அரசு' என்னும் கருத்தாக்கத்தைத் துணையாகக் கொண்டு, நலத்திட்டங்கள் சுருங்கும் இடத்தில் தண்டனைக் கருவிகள் விரிகின்றன என அவர் வாதிட்டார். திட்டத்தின் பெயர் புதிது. காவல்துறையின் போர்முறைச் சிந்தனையோ பழையது என்பதே அவர் கண்ட முடிவு.

இம்முடிவுக்குச் சான்றாக அமையும் நிகழ்வு ஒன்று 2013 சூலையில் ரொசீனியா ஃபவேலாவில் நடந்தது. அங்கிருந்த அமைதிப்படுத்தும் பிரிவின் காவலர், கட்டுமானத் தொழிலாளி ஒருவரை விசாரணைக்கு அழைத்துச் சென்றனர். அவர் வீடு திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவர் எங்கே என்னும் வினா நாடு முழுவதும் ஒலித்தது. 2016இல் அப்பிரிவின் தலைவர் உள்ளிட்ட காவலர் பலர், அவரைச் சித்திரவதை செய்து கொன்றமைக்காகத் தண்டிக்கப்பட்டனர்.

ஆய்வுமுறை பற்றியும் ஒன்று கூறவேண்டும். மரே அவருக்கு ஆய்வுக்களமாவதற்கு முன்பே பிறந்த வீடாக இருந்தது. வீட்டைப் பற்றி எழுதுவோர்க்கு உணர்ச்சி மிகும் என்பர். அவர் எழுத்திலோ உணர்ச்சியைவிட அரசு ஆவணங்களும் புள்ளிகளும் மிகுதி. பிறர் அலட்சியமாக எழுதிய கணக்கைத் தாம் திருத்தி எழுத முனைந்த ஒருவரின் நடை அது.

மன்றப் பணி

2006 முதல் பத்தாண்டுகள் ஃபிரெய்ஷோவுடன் பணியாற்றிய மரியெல், மாநிலச் சட்டமன்றத்தின் மனித உரிமைக் குழுவை ஒருங்கிணைத்தார். காவலரால் கொல்லப்பட்டோரின் தாய்மார்கள் அக்குழுவின் அறைக்கு வந்தனர். அதே அறைக்குப் பணியின்போது கொல்லப்பட்ட காவலரின் மனைவியரும் வந்தனர். இரு சாரார்க்கும் அக்குழு சட்ட உதவியும் ஆறுதலும் அளித்தது. மரியெலைக் காவல்துறையின் பகைவராகக் காட்டுவோர் மறைத்துவிடும் செய்தி இது. தெருவில் சுடும் காவலரும் ஏழைக் குடும்பத்தவரே. அவரைப் போதிய பாதுகாப்பின்றிப் போருக்கு அனுப்பும் கொள்கை அவரையும் கொல்கின்றது என்பது மரியெலின் நிலைப்பாடு.

2016 அக்டோபரில் நடந்த தேர்தலில் சோசலிச சுதந்திரக் கட்சியின் வேட்பாளராக நின்ற அவர், 46,502 வாக்குகள் பெற்றார். 51 உறுப்பினர் கொண்ட மன்றத்தில் மிகுதியான வாக்குப் பெற்றோர் வரிசையில் அவர் ஐந்தாமவர். ஃபவேலாவில் பிறந்த கறுப்பினப் பெண் ஒருவர் முதன்முறை நின்று இத்துணை வாக்குகள் பெற்றமை பலரை வியப்பில் ஆழ்த்தியது.

மன்றத்தில் அவர் முன்வைத்த மசோதாக்கள் அவர்தம் ஆய்வேட்டின் நீட்சியாகவே அமைந்தன. இரவில் வேலை செய்யும், இரவில் படிக்கும் பெற்றோரின் குழந்தைகளுக்கான இரவுக் காப்பகம் அவற்றுள் ஒன்று. 'ஆந்தை இல்லம்' என்பது அதன் செல்லப் பெயர். பெண்களுக்கு எதிரான வன்முறைகளை ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடும் ஏடு மற்றொன்று. பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான பரப்புரை வேறொன்று. காவல் நிலையம் மட்டுமே அரசின் முகமாக இருந்த இடத்தில் வேறு முகங்களை வைக்க முயன்றார் என்பது இதனால் புலனாகும்.

2018 பிப்ரவரி 16ஆம் நாள், பிரேசில் அதிபர் மிஷெல் தெமர், ரியோ மாநிலத்தின் பொதுப் பாதுகாப்புப் பொறுப்பை மாநில அரசிடமிருந்து எடுத்து இராணுவத் தளபதி ஒருவரிடம் ஒப்படைத்தார். அத்தலையீட்டைக் கண்காணிக்க நகர மன்றம் அமைத்த குழுவின் அறிக்கையாளர் பொறுப்பு அம்மாத இறுதியில் மரியெலுக்குக் கிட்டியது. மார்ச் 10ஆம் நாள், அகாரி ஃபவேலாவில் படைக் காவல்துறையின் 41ஆம் பிரிவு மக்களை அச்சுறுத்துவதாக அவர் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். 13ஆம் நாள், தேவாலயத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் சுடப்பட்ட இளைஞர் ஒருவரைக் குறிப்பிட்டு, இப்போர் முடிய இன்னும் எத்தனை பேர் இறக்க வேண்டும் எனக் கேட்டார். மறுநாள் அவர் உயிருடன் இல்லை.

கொலையும் வழக்கும்

மார்ச் 14 அன்று மாலை, கறுப்பின இளம்பெண்களின் கலந்துரையாடலில் பங்கேற்றுவிட்டு மரியெல் வீடு திரும்பினார். எஸ்தாசியோ பகுதியில் பக்கத்தில் வந்த காரிலிருந்து 13 குண்டுகள் பாய்ந்தன. நான்கு அவர்மீது பட்டன. உடன் பயணம் செய்த அலுவலர் ஒருவர் உயிர் தப்பினார். அங்குக் கிடந்த தோட்டா உறைகள், 2006இல் கூட்டாட்சிக் காவல்துறைக்கு விற்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தவை எனத் தெரியவந்தது. அதே தொகுதித் தோட்டாக்கள் 2015இல் சாவோ பாவ்லோ மாநிலத்தில் நடந்த கூட்டுக் கொலையிலும் பயன்பட்டிருந்தன. அரசு வாங்கிய தோட்டா எவ்வழியாகக் கொலையாளியிடம் சேர்ந்தது என்பது, மரியெல் வாழ்நாள் முழுதும் கேட்ட வினாவின் மற்றொரு வடிவமே.

அவர் மறைந்த சில நாள்களில் அவரைக் குற்றக் கும்பலோடு தொடர்புபடுத்தும் பொய்ச் செய்திகள் பரவின. நீதித்துறையில் உயர் பொறுப்பிலிருந்த ஒருவரே அவற்றைப் பரப்பினார். 'எதிர்ப்புப் பதிவு' என்னும் பழைய முறையில், இறந்தவரைக் குற்றவாளியாக்கும் அதே பழக்கம் இங்கும் செயற்பட்டதைக் காணலாம்.

வழக்கு மெல்ல நகர்ந்தது. 2019 மார்ச்சில் படைக் காவல்துறையின் ஓய்வு பெற்ற சார்ஜெண்ட் ரோனி லெஸ்ஸாவும், அதே துறையின் முன்னாள் காவலர் எல்சியோ டி கெய்ரோசும் கைதாயினர். சுட்டவர் யார் என்பது தெரிந்தும், ஏவியவர் யார் என்பது ஆறாண்டுகள் தெரியவில்லை. விசாரணை அதிகாரிகள் மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டனர். 2023 பிப்ரவரியில் கூட்டாட்சிக் காவல்துறை புலனாய்வில் இறங்கியது. அவ்வாண்டு சூலையில் கெய்ரோசின் ஒப்புதல் வாக்குமூலம் வெளியாயிற்று. பின்னர் லெஸ்ஸாவும் வாக்குமூலம் அளித்தார். 2024 மார்ச் 24ஆம் நாள், கூட்டாட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும், மாநிலக் கணக்காய்வு மன்றத்தில் பொறுப்பு வகித்த அவர் உடன்பிறந்தாரும், குடிமைக் காவல்துறையின் முன்னாள் தலைவரும் கைதாயினர். மிலீசியாக்களின் நில வணிகத்திற்கு மரியெல் தடையாக இருந்தார் என்பதே கொலைக்குக் காரணம் என அரசுத் தரப்பு குற்றஞ்சாட்டியது. மூன்றாமவர் கொலைக்கு முந்தைய நாளில்தான் அப்பதவியை ஏற்றிருந்தார். கொலையாளிகளைக் கண்டறிய வேண்டியவரே விசாரணையைத் திசைதிருப்பினார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. 2024 சூனில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் இக்குற்றச்சாட்டுகளை விசாரணைக்கு ஏற்றது.

2024 அக்டோபர் 31ஆம் நாள், ரியோ நடுவர் மன்றம் லெஸ்ஸாவுக்கு 78 ஆண்டுகளும் 9 மாதங்களும், கெய்ரோசுக்கு 59 ஆண்டுகளும் 8 மாதங்களும் சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்தது. கொலை நடந்து ஆறரை ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த முதல் தீர்ப்பு அது.

பெயர்ப்பலகையும் விதைகளும்

மரியெல் நினைவாக நண்பர்கள் நகர மன்றத்தின் அருகே 'மரியெல் ஃபிராங்கோ தெரு' என ஒரு பெயர்ப்பலகையை வைத்தனர். 2018 தேர்தல் பரப்புரையின்போது வேட்பாளர்கள் இருவர் அதனை இரண்டாக உடைத்து, மேடையில் உயர்த்திக் காட்டினர். அவ்விருவரும் அத்தேர்தலில் வென்றனர். மறுபுறம், அக்டோபர் 14ஆம் நாள் மக்கள் நன்கொடையால் அச்சிட்ட ஆயிரம் பலகைகள் அதே இடத்தில் வழங்கப்பட்டன. பின்னர் அப்பலகை பல நாடுகளுக்கும் சென்றது. 2019இல் பாரிஸ் நகரில் ஒரு பூங்கா அவர் பெயரைப் பெற்றது. 2022ஆம் ஆண்டு அவர்தம் பிறந்தநாளில் ரியோவின் நடுப்பகுதியில் அவருடைய வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. வெள்ளிக்கிழமைகளில் மக்கள்முன் நின்று தம் பணிக்குக் கணக்கு ஒப்புவித்த இடம் அது.

சின்னங்களைக் காட்டிலும் கருதத்தக்கது மனிதர் வழித் தொடர்ச்சி. 2018 மே மாதம் நகர மன்றம் அவருடைய ஐந்து மசோதாக்களை நிறைவேற்றியது. ஆந்தை இல்லம் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டு அக்டோபரில் அவரிடம் பணியாற்றிய ரெனாட்டா சோசா, மோனிகா ஃபிரான்சிஸ்கோ, டானி மொன்டெய்ரோ ஆகிய மூவர் மாநிலச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2020இல் அவர் வாழ்க்கைத் துணைவி மோனிகா பெனீசியோ நகர மன்ற உறுப்பினரானார். தங்கை அனியெல் ஃபிராங்கோ 2023 சனவரியில் இனச் சமத்துவ அமைச்சராகப் பொறுப்பேற்றார். இவ்வாறு அரசியலுக்கு வந்த கறுப்பினப் பெண்களை 'மரியெலின் விதைகள்' என வழங்குவர்.

எனினும், அவர் கேட்ட கணக்கு என்னவாயிற்று? ரியோ மாநிலத்தில் காவல்துறையினரால் கொல்லப்பட்டோர் தொகை, அவர் மறைந்த 2018இல் 1,534, 2019இல் 1,814. 1998இல் பதிவுகள் தொடங்கியபின் அதுகாறும் காணப்படாத உச்சம் அது. 2020 சூனில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், பெருந்தொற்றுக் காலத்தில் விதிவிலக்கான சூழலில் அன்றி ஃபவேலாக்களில் காவல் நடவடிக்கை கூடாது என ஆணையிட்டார். அவ்வாண்டில் தொகை 1,245 ஆகக் குறைந்தது. ஆணை நடப்பிலிருந்தபோதே, 2021 மே மாதம் ஜகரெசினியோ ஃபவேலாவில் ஒரே நடவடிக்கையில் 28 பேர் இறந்தனர்; அவர்களுள் ஒருவர் காவலர். 2025 அக்டோபர் 28ஆம் நாள் பென்யா, அலெமாவோ பகுதிகளில் நடந்த நடவடிக்கையில் காவலர் உள்பட 120க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இப்புள்ளிகள் இருவகையாகப் பேசுகின்றன. மரியெலின் மரணம் காவல்துறையின் போக்கை மாற்றிவிடவில்லை என்பது ஒன்று. நீதிமன்றத்தின் ஆணையொன்று எண்ணிக்கையைக் குறைக்கவல்லது, அஃதாவது இம்மரணங்கள் தவிர்க்க இயலாதவை அல்ல என்பது மற்றொன்று. அவர்தம் ஆய்வேடு நிறுவ முயன்றதும் இவ்விரண்டாவது கருத்தையே.

முடிவுரை

மேற்கண்டவற்றால், மரியெல் விட்டுச் சென்றவை மூன்று எனத் தொகுத்துரைக்கலாம். மரணத்திற்கு அரசு இடும் பெயரை ஐயுற்று ஆராயும் ஆய்வு முறை ஒன்று. கொல்லப்பட்ட இளைஞனின் தாயையும் கொல்லப்பட்ட காவலரின் மனைவியையும் ஒரே அறையில் அமரவைத்துக் கேட்ட பொதுப்பணி மற்றொன்று. சுட்டவரோடு நின்றுவிடாது ஏவியவர் வரை சென்ற வழக்கு மூன்றாவது. ரியோவில் காவலரால் கொல்லப்பட்டோருள் பெரும்பாலோருக்கு இத்தகைய வழக்கு வாய்க்கவில்லை என்பதை மறத்தல் ஆகாது. உலகறிந்த ஒருவருக்கே முதல் தீர்ப்புக்கு ஆறரை ஆண்டுகள் சென்றன எனின், பெயரறியா ஒருவருக்கு எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பது சிந்தித்தற்குரியது.

ஃபவேலாவை மூன்றெழுத்தாகச் சுருக்குவதை எதிர்த்தவர் அவர். அவரையே ஒரு முகமாகவும் ஒரு பெயர்ப்பலகையாகவும் சுருக்கிவிடுதல் அதே பிழையை நாமும் செய்வதாகும். அவ்வாய்வேடு 2018இல் நூலாக வெளிவந்துள்ளது. அது தமிழுக்கு வருமாயின், நிர்வாகச் சொற்களுக்குள் மறைந்து கிடக்கும் மனித உயிர்களை மாணவர்க்கு எடுத்துக்காட்ட விழையும் ஆசிரியர்க்கு நல்லதொரு பாடநூலாக அமையும்.